லூர்மேல இத்தனை வேலைப்பாடு: மீனுக்கா, நமக்கா?

நீரடிநிழல்:
கையால பெயின்ட் பண்ணின லூர் (மீனை ஏமாத்திப் பிடிக்கிற போலி மீன்), அதாவது இழுத்தா முங்கி ஆடற கிராங்க்பெய்ட், வெட்டி இழுத்து நிறுத்தற ஜெர்க்பெய்ட் படங்களைப் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வருது. செவுள் மூடிக்கு ஒரு நிழல், அதோட ஓரத்துக்கு ஆரஞ்சுக் கீற்று, விலாவுல நீளமா ஓடற பக்கக்கோட்டுக்குப் புள்ளிப் புள்ளியா ஒரு வரிசை, முதுகுல மூணு வகைப் பச்சை. கைவேலை அபாரம், அதுல சண்டை இல்ல. ஆனா இதைப் பார்க்கப்போறது யாரு?

2019ல இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காரங்க லார்ஜ்மவுத் பாஸ்ங்கற அமெரிக்க நன்னீர் மீனோட கண்ணை ஆராய்ஞ்சாங்க. நிறம் பிரிக்கிற கூம்பு செல் அதுக்கு ரெண்டே வகை: ஒண்ணு சிவப்புப் பக்கம், இன்னொண்ணு பச்சைப் பக்கம். பழக்கிப் பார்த்தப்போ சிவப்பையும் பச்சையையும் சரியாவே பிரிச்சது. சார்ட்ரூஸ்ங்கற பச்சை கலந்த மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் தடுமாறிச்சு. கருப்புக்கும் நீலத்துக்கும் தடுமாறிச்சு. அப்போ கருப்பு முதுகுமேல நீல முத்துப்பூச்சு ரெண்டு கோட் எதுக்கு?

ஆழம் வேற இருக்கு. தெளிஞ்ச தண்ணியிலயே சிவப்புதான் முதல்ல மங்கும். ஆழம் போகப் போக ரத்தச் சிவப்புல தீட்டின செவுள் கரும்பழுப்பாத்தான் தெரியும். இதுக்குமேல எபாக்ஸிப் பிசினைக் கண்ணாடி மாதிரி மேல்பூச்சா ஒரு கிராம் ஏத்தி, அந்தரத்துல நிக்க வேண்டிய ஜெர்க்பெய்ட்டைக் கல்லா மூழ்கடிச்சிடறீங்க.

செதில்பித்தன்:
நீரடிநிழல், ஆய்வு சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவு சரியில்லை. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ் வேலையில் பாதிக்குமேல் நிறமே கிடையாது, கருமை வெண்மைதான். நிறம் பிரிக்கத் தெரியாத கண்ணுக்கும் இருண்ட முதுகும் வெளிறிய வயிறும் தெரியும். உயிருள்ள சிறுமீன் மேலிருந்து வரும் வெளிச்சத்தை இந்த முதுகு–வயிறு வேறுபாட்டால்தான் சமன்செய்து மறைகிறது. லூர் பக்கவாட்டில் புரளும்போது அந்த வெள்ளை வயிறு ஒரு நொடி பளிச்சிட்டு மறையும். அடிபட்ட மீனின் அடையாளம் அதுதானே? அந்தப் பளிச்சிடலுக்கு எல்லைக்கோடு எங்கே விழ வேண்டும், எவ்வளவு மென்மையாகக் கரைய வேண்டும் என்பது பெயின்டர் கையில்தான் இருக்கிறது.

செதிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் செய்வது: வெளிர் நிறத்தை அடித்து, மேலே நெட் துணியை இழுத்துக் கட்டி, கரும்பச்சையை அடிப்பது. துணியை எடுத்தால் கரும்பச்சைச் செதில், ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. பார்த்தால் வலையில் மாட்டிய மீன் மாதிரி இருக்கும், மீன் மாதிரி இருக்காது. வரிசையை மாற்ற வேண்டும். கருமை முதலில், அது காய்ந்ததும் நெட் துணி, அதன்மேல் முத்து வெள்ளையோ வெள்ளியோ. நூல் மறைத்த இடம் மட்டும் கருமையாக நின்று ஒவ்வொரு செதிலுக்கும் ஓரநிழலாகிவிடும். துணி உடம்போடு ஒட்டி இருக்கணும், வயிற்றுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்குங்கள். தூக்கி நின்ற இடத்தில் பெயின்ட் அடியில் புகுந்து செதில் கலங்கிப்போகும். நாசிலைச் சாய்த்துப் பிடித்தாலும் இதே கதி. நேர் எதிரே பிடித்து, நனையாத அளவு தூவல்தான். காய்வதற்குள் துணியை உரித்தால் எல்லாம் இழுபடும்.

0.3 மி.மீ. நாசில், சாதாரணப் பூச்சுக்குக் காற்றழுத்தம் 25 பிஎஸ்ஐ. செவுள், புள்ளி போன்ற நுண்வேலைக்குப் பெயின்டை இன்னும் நீர்க்கவைத்து 12 முதல் 15 பிஎஸ்ஐ. நீர்த்த பெயின்டை 25இல் அடித்தால் சிலந்திக்கால் மாதிரி நாலாபக்கமும் ஓடும்.

மிதவைக்கணக்கு:
எபாக்ஸி எடை பற்றி ஒரு திருத்தம். "ஒரு கிராம் ஏற்றினால் கல்லாக மூழ்கும்" என்பது பாதிக் கணக்கு.

லூரின் மேற்பரப்பு 30 சதுர செ.மீ., பூச்சு 0.3 மி.மீ. தடிமன் என்று வையுங்கள். கன அளவு 0.9 கன செ.மீ. எபாக்ஸியின் அடர்த்தி சுமார் 1.15, எடை 1.03 கிராம் வருகிறது. ஆனால் அந்தப் பூச்சே 0.9 கன செ.மீ. நீரை விலக்கி, 0.9 கிராம் மேல்நோக்கித் தூக்கவும் செய்கிறது. மிச்சம் இழுப்பு 0.13 கிராம்தான்.

மிதக்கும் கிராங்க்பெய்ட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அந்தரத்தில் நிற்கும் ஜெர்க்பெய்ட்டுக்கு நிச்சயம் பொருட்டு. 10 கன செ.மீ. லூரை 25 டிகிரி நீரிலிருந்து 4 டிகிரி நீருக்கு மாற்றினால், நீரின் அடர்த்தி கூடுவதால் கிடைக்கும் கூடுதல் மிதப்பே 0.03 கிராம்தான். பூச்சின் இழுப்பு அதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே அது மெல்ல அமிழும், கல்லாக மூழ்காது. மும்முனைக் கொக்கியை ஓர் அளவு சிறிதாக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். எஃகின் அடர்த்தி 7.8, அதனால் குறைத்த எஃகின் எடை கிட்டத்தட்ட முழுதும் மிதப்பாகத் திரும்பும்.

எடையைவிட மோசமானது பூச்சு எங்கே தேங்குகிறது என்பது. மூக்கிலிருக்கும் லிப் எனும் தகட்டின் விளிம்பில் எபாக்ஸி உருண்டு நின்றால் நீரைக் கூராக வெட்டாது, ஆட்டம் சோர்ந்துவிடும். ஒரு விலாவில் தடித்தால் இழுக்கும்போது லூர் அந்தப் பக்கமே சாயும். நூல் கட்டும் வளையத்தை வளைத்து வளைத்துச் சரிசெய்யப் பார்ப்பார்கள். குற்றம் வளையத்தில் இல்லை.

நீரடிநிழல்:
கணக்கு ஒத்துக்கறேன், கல்லுன்னு சொன்னது அதிகம்தான். வெள்ளை வயிறு, கருத்த முதுகு, அதையும் ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு மூணு கோட் போதும். இருபது கோட்ல மிச்சப் பதினேழு எதுக்கு?

மீன் கண்ணோட கூர்மை நம்ம கண்ணைவிடப் பல மடங்கு கம்மி. ரெண்டு மீட்டர் தள்ளி, ஆடிக்கிட்டே போற பொருள்ல 1 மி.மீ. செதிலோட ஓரநிழல் எங்க தெரியப்போகுது? ஃபின்லாந்துல லௌரி ராபலா 1936ல செஞ்ச லூரைப் பாருங்க. தக்கையைச் செருப்புத் தைக்கிறவர் கத்தியால செதுக்கி, சாக்லேட் சுத்தி வர்ற பளபளத் தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவ் ஃபிலிமை உருக்கி மேல பூசினார். செதிலும் இல்ல, செவுளும் இல்ல. அடிபட்ட மீன் மாதிரி தள்ளாடுற அந்த ஆட்டம்தான் மீனைப் பிடிச்சுது.

செதில்பித்தன்:
நீங்களே எனக்குச் சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள். ஆட்டம் மட்டும் போதுமென்றால் அந்த மனிதர் சாக்லேட் தாளைத் தேடி ஒட்டுவானேன்? பளபளப்பு வேண்டும் என்று தெரிந்திருக்கிறது, அதைக் காக்க மேலே ஒரு பூச்சு வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. ஜப்பானில் கையால் மின்னோ (சிறுமீன் வடிவ லூர்) செய்பவர்கள் இன்றும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போகிறார்கள்: பால்சா மரம், அலுமினியத் தாள், செல்லுலோஸ் கரைசலில் திரும்பத் திரும்ப முக்கிக் காயவைத்தல்.

தாள் வேலை ஏர்பிரஷைவிடக் கடினம். செதில் வரியைத் தாளில் முதலிலேயே அழுத்திப் பதித்துவிட வேண்டும். கரடுமுரடான அரத்தின் மேல் வைத்து உருட்டுவது ஒரு வழி. தாள் ஒரு திசையில் வளையும், இரு திசையில் வளையாது. அதனால் விலாவுக்கு மட்டும் வெட்டி ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கம் தேய்த்துக்கொண்டே போகணும். முதுகு வளைவுவரை இழுத்தால் ஓரமெல்லாம் சுருக்கம். விளிம்பை முதுகுக் கருமைக்கடியில் ஒளித்துவிடலாம். வெறும் அலுமினியத்தின்மேல் அக்ரிலிக் பிடிக்காது, நகம் பட்டாலே உரியும். முதலில் மெல்லிய கிளியர் (நிறமில்லாப் பூச்சு) ஒன்று அவசியம். செல்லுலோஸ் முக்குவதை ஈரக்காற்று நாளில் வைத்துக்கொண்டால் மேலே பால் படர்ந்த மாதிரி வெளுக்கும்.

இதில் எதைப் "பதினேழு வீண் கோட்" என்று தள்ளுவீர்கள்? விலா பளபளக்கும் விதம் மாறினால் நீரில் தெரியும் லூரே வேறு.

பழம்பூச்சு:
இருவரும் மீனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். மீன் பார்த்தால்தான் கலையா? மிச்சிகனின் காடிலாக்கில் வாழ்ந்த ஆஸ்கர் பீட்டர்சன் (1887–1951), பனிக்கட்டியில் துளையிட்டு ஈட்டியால் மீன் குத்துபவர்களுக்காக மரத்தில் ஏமாற்று மீன்கள் செதுக்கி வண்ணம் தீட்டினார். வேலைக்கான கருவிதான். இன்று அவை நாட்டார் கலையாகச் சேகரிக்கப்படுகின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபமாகவே. பழைய ஹெடன் கம்பெனி மர லூர் கிடைத்தால் சுரண்டிப் புது வண்ணம் அடித்து "மீட்டெடுத்தேன்" என்று படம் போடாதீர்கள். அந்தக் கண்ணாடிக் கண்ணும், பூச்சில் ஓடும் நுண்விரிசலும்தான் அதன் வயதுக்குச் சான்று. சுரண்டியதும் அது வெறும் மரத்துண்டு. உங்கள் கைத்திறனைப் பெயின்ட் அடிக்காத புது ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடல்களில் காட்டுங்கள்.

நீரடிநிழல்:
சுவத்துல மாட்டறதுக்குன்னா எனக்கு ஆட்சேபமே இல்ல ஐயா. "இதுலதான் மீன் அதிகம் கடிக்கும்"னு சொல்றப்போதான் இடிக்குது.

கண்ணாடிப்படலம்:
சாயம் பற்றி இவ்வளவு பேசியாச்சு, மேல்பூச்சு பற்றி எடையைத் தவிர யாரும் பேசல. கையால் தீட்டின லூர் பாழாகறது பெரும்பாலும் அங்கதான்.

முதல்ல அடிப்படை. ஏபிஎஸ் உடலைப் பாத்திர சோப்பால கழுவி, 600 நம்பர் உப்புத்தாளால பளபளப்பு போற அளவு தேய்ச்சு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைக்கணும். துடைக்கறது பெயின்டுக்கு முன்னாடி மட்டும். பெயின்ட் அடிச்ச பிறகு விரல் ரேகை பட்டுடுச்சுன்னு அதே ஆல்கஹாலை எடுத்தா நீர்வழி அக்ரிலிக் கரைஞ்சு துணியோட வந்துடும். விரல் எண்ணெயை விட்டாலோ எபாக்ஸி அந்த இடத்துல ஒதுங்கி மீன்கண் மாதிரி குழி விழும். அதனால பெயின்ட் தொடங்கினதுலேர்ந்து கையுறை.

ஒவ்வொரு கோட்டையும் ஹேர் டிரையரால உலர்த்தறப்போ 15, 20 செ.மீ. தள்ளி, அசைச்சுக்கிட்டே. ஏபிஎஸ் உடல் உள்ளீடற்றது. ஒரே இடத்துல சூடு காட்டினா உள்ள இருக்கற காற்று விரிஞ்சு ஒட்டு பிளக்கும், இல்லன்னா விலா பலூன் மாதிரி வீங்கும்.

எபாக்ஸின்னா 30 நிமிட வகை. 5 நிமிட வகை சமமாப் பரவறதுக்குள்ள இறுகிடும், மஞ்சளும் சீக்கிரம் பிடிக்கும். ரெண்டு பாகமும் கன அளவுல சமம், ரெண்டு நிமிஷம், கிண்ணத்தோட சுவரையும் அடியையும் வழிச்சு வழிச்சு மெதுவாக் கலக்கணும். வேகமா அடிச்சா குமிழி. அளவு தவறினா ஒரு வாரமானாலும் பிசுபிசுப்பு. லிப்புக்கு முன்னாடியே மாஸ்கிங் டேப். நிமிஷத்துக்கு 4 முதல் 6 சுற்று போற சக்கரத்துல மாட்டி, வழியாத பதம் வர்ற வரை ரெண்டு, மூணு மணி நேரம் சுத்தவிடணும். மிதவைக்கணக்கு சொன்ன ஒருவிலாத் தடிப்பு சக்கரத்தை அவசரப்பட்டு நிறுத்தறதால வர்றதுதான்.

காற்றோட ஈரத்துல இறுகற யூரித்தேனும் நல்ல பூச்சு, மெல்லிசு, உறுதி. ஆனா டப்பாவைத் திறந்துவச்சா மொத்தமும் ஜெல்லி. முக்கறதுக்கு ஊத்தினதை டப்பாவுல திரும்ப ஊத்தக் கூடாது. கார் பட்டறையில அடிக்கிற 2கே (ரெண்டு பாகம் கலக்கற) கிளியர்ல ஐசோசயனேட்ங்கற நச்சு இருக்கு; துணி முகமூடி அதுக்குப் பாதுகாப்பே இல்ல. அதை வீட்டு அறையில வச்சு அடிக்கவே அடிக்காதீங்க.

செதில்பித்தன்:
புற ஊதா விளக்கில் இறுகும் யுவி ரெசினை விட்டுவிட்டீர்களே? சக்கரமே தேவையில்லை, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கண்ணாடிப்படலம்:
வேணும்னேதான் விட்டேன். வேகம் உண்மைதான். ஆனா அடியில பெயின்ட் முழுசா உலராம யுவி ரெசின் போட்டா படலம் நுணுக்கமா வெடிக்குது. கொக்கி வளையத்துக்குப் பின்னால விளக்கு வெளிச்சம் எட்டாம ஈரமா நிக்கும். சிலதுல காற்றுல இருக்கற ஆக்சிஜனால மேல்தோல் பிசுபிசுன்னே இருக்கும், அதை மட்டும் ஆல்கஹாலால துடைக்கலாம். பாறையில மோதினா எபாக்ஸி பள்ளம் விழும், யுவி சில்லு பேரும். ஒரு லூரை அவசரமா முடிக்கணும்னா யுவி, பத்து லூர்னா எபாக்ஸி.

அப்புறம், எந்தப் பூச்சானாலும் ரப்பர் புழு இருக்கற பெட்டியில சேர்த்துப் போடாதீங்க. மென்பிளாஸ்டிக்ல இருக்கற இளக்கி எண்ணெய் பல பூச்சுகளை இளக்கி ஒட்டிக்க வைக்கும். இத்தனை வேலையும் ஒரே ராத்திரியில போச்சு.

நீரடிநிழல்:
சரி, என் பக்கத்தைச் சுருக்கறேன். தாள், முதுகு–வயிறு எல்லை: ஏத்துக்கறேன். ஷாட் மீன் மாதிரி தீட்டற லூருக்குச் செவுளுக்குப் பின்னால வைக்கிற அந்த ஒரு கரும்புள்ளியும் ஏத்துக்கறேன், பெரிசு, பளிச்னு தெரியும். கலங்கின தண்ணியில ஃப்ளோரசன்ட் சார்ட்ரூஸும் சரிதான். தன்மேல விழற குறைஞ்ச அலைநீள ஒளியை வாங்கி மஞ்சள்பச்சையா உமிழுது, சாதாரணச் சாயம் மங்கற இடத்துலயும் நிக்கும். மூணாவது பச்சை, பக்கக்கோட்டுப் புள்ளி, துடுப்புல கதிர் கதிரா நரம்பு: இதை மீனுக்குன்னு சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

செதில்பித்தன்:
துடுப்பு நரம்பை விட்டுக்கொடுக்கிறேன். பக்கக்கோட்டை விடமாட்டேன். புள்ளி தெரியாமல் போகலாம். விலாவின் வெளிச்சத்தை அது இரண்டாகப் பிரிக்கும் விதம் தெரியும். மிதவைக்கணக்கு, ஒரு கேள்வி: பூச்சுக்கு இடம் விட்டு ஜெர்க்பெய்ட்டை முன்கூட்டியே எப்படிச் சோதிப்பது?

மிதவைக்கணக்கு:
சாயம் காய்ந்து மெல்லிய கிளியர் ஒன்று போட்டபின், எபாக்ஸிக்கு முன்பு. போடப்போகும் அதே கொக்கி, அதே வளையம், முன்னால் கட்டும் அதே நூலில் ஒரு முழம். வாளியில் இருப்பது மீன்பிடிக்கும் நாளின் நீர் வெப்பநிலையிலேயே இருக்கட்டும், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். லூர் மெதுவாக மேலே வர வேண்டும். ஈயப் பட்டையில் 0.14 கிராம் வெட்டி வயிற்றில் ஒட்டுங்கள் (ஈயமும் கொஞ்சம் நீரை விலக்கும், அதனால்தான் 0.13 இல்லை). அப்போது நடுநீரில் நின்றால், பட்டையை உரித்துவிட்டு எபாக்ஸி போடலாம். அப்போதும் மேலே வந்தால் கொக்கியை ஓர் அளவு பெரிதாக்கி மறுபடி வாளியில் விடுங்கள்.