மேற்கு மாம்பலத்தில் ஒரு சிற்றலைக் காலம்

1980களின் முற்பாதியில் நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, உடன் படித்தவர்களில் பாதிப் பேர் கிரிக்கெட் மட்டையோடும் மீதிப் பேர் தபால்தலை ஆல்பத்தோடும் திரிந்தார்கள். எனக்கு மட்டும் தொலைதூர நாட்டு நிலையங்களைப் பிடிக்கும் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலிப் பித்து. மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் வீட்டில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருந்தது. அதை முடுக்கினால் சூடேறிப் பேசத் தொடங்கவே ஒரு நிமிடம் போல் ஆகும். நிலையம் சரியாக அகப்பட்டதும் முகப்பிலுள்ள பச்சைக் கண் சுருங்கி ஒளிரும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ரேடியோ என்றாலே இலங்கை வானொலிதான். 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது ஒட்டிக்கொண்ட பழக்கம், 1957-இல் விவித பாரதி வந்த பிறகும் விடவில்லை. அதன் அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீதின் குரலுக்காக அடுப்பில் இருப்பதைக் கூட மறந்தவர்களை எனக்குத் தெரியும். இரவு 9.15 மணிக்கு லண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசையை அப்பா கேட்டு முடித்த பிறகுதான் திருகு என் கைக்கு வரும். எனக்குப் பாட்டும் செய்தியும் இரண்டாம்பட்சம். எங்கோ ஒரு மூலையில் இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடக்கும் குரல் எந்த நாட்டினுடையது என்று கண்டுபிடிப்பதில்தான் ருசி. ரேடியோ ஆஸ்திரேலியாவின் குக்கபுரா பறவை சிரிப்பதைக் கேட்டு, நடுக்கூடத்தில் பேய் பிடித்துவிட்டதோ என்று பாட்டி எழுந்து வந்ததும் உண்டு.

கேட்டதை அப்படியே விட்டுவிடக் கூடாது; நிலையத்துக்கு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் கிடைக்கும் உலக நேரம், அலைவெண், நிகழ்ச்சியின் சில விவரங்கள், அவற்றோடு ஐந்து இலக்கங்கள்: ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். முகத்தாட்சண்யத்துக்காக எல்லாவற்றுக்கும் 5 போடுவது யாருக்கும் பயன்படாத வேலை என்பது என் கருத்து. எங்கள் இரைச்சல் மதிப்பெண் பெரும்பாலும் 2-ஐத் தாண்டாது, ஏனெனில் தாம்பரம் மின்சார ரயில் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒலிபெருக்கி படபடவென்று பொரியும். ஏரோகிராமில் அறிக்கை போய்ச் சேர்ந்து, வாரக்கணக்கில் காத்திருந்த பின் ஒரு நாள் வண்ணப்படம் அச்சிட்ட கியூ.எஸ்.எல். அட்டை தபாலில் வரும். நான் கேட்டது அவர்களுடைய ஒலிபரப்பைத்தான் என்று அந்த அட்டை உறுதி சொல்லும்.

இந்தப் பித்தினால் எனக்கு வாய்த்த சந்திப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். வரவேற்பைக் கூட்டுவதற்காக மொட்டைமாடியில் செம்புக் கம்பி ஒன்றைக் கட்டி, மறுமுனையைப் பின்வீட்டுத் தென்னை மரத்தில் சுற்றியிருந்தேன். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெரியவர் ஒரு மாலையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா சமாதானம் சொல்லத் தொடங்க, அவரோ, “கம்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டலாமே, தம்பி” என்றார். சரக்குக் கப்பல்களில் கம்பியில்லாத் தந்தி இயக்குநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர்.

மறுநாள் இரவு தம்முடைய சிறிய டிரான்சிஸ்டரை எடுத்து வந்து எங்கள் ரேடியோவின் மேல் வைத்தார். அதுவரை எங்கள் ரேடியோவில் சில இடங்களில் இரைச்சல் விட்டுவிட்டு அடங்குவதை மட்டுமே கேட்டிருந்தேன். பெட்டி பழுதாகிவிட்டது என்று கூட எண்ணியிருந்தேன். அவர் தம் டிரான்சிஸ்டரின் முள்ளை, எங்கள் முள் நின்ற இடத்துக்குச் சுமார் 455 கிலோஹெர்ட்ஸ் கீழே கொண்டுவந்து மெல்லத் திருப்பியதும், அந்த மௌனங்களுக்கிடையே கீச்சென்று ஒரு விசில் பிறந்து, கட்டு கட கட்டு என்று தந்திக்கான மோர்ஸ் குறியீட்டு ஒலிகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு ரேடியோவுக்குள்ளும் சிறிய அலையியற்றி ஒன்று, முள் காட்டும் இடத்துக்கு அதே 455 கிலோஹெர்ட்ஸ் மேலே இயங்குகிறது என்றும், அதன் அலை வெளியிலிருந்து வரும் சைகையோடு மோதும்போது காதுக்கு எட்டும் மூன்றாவது ஒலி பிறக்கிறது என்றும் விளக்கியவர், பேச்சுக்கு நடுவிலேயே கண்ணை மூடிக்கொண்டு, “வி.டபிள்யூ.எம்., நம்ம மெட்ராஸ் ரேடியோ” என்றார். கப்பல்களோடு பேசும் கரையோர நிலையத்தின் அழைப்புக்குறி அது. பென்சிலைக் கையில் எடுக்காமலேயே, எந்தக் கப்பல் எப்போது துறைமுகத்துக்கு வருகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனார். துறைமுகத்தை வெளியில் நின்று பார்த்திருந்த எனக்கு, வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதன் பேச்சைக் கேட்டது நம்ப முடியாததாக இருந்தது.

அதன் பிறகு அவர் திண்ணைதான் என் இரண்டாவது பள்ளி. மோர்ஸ் எழுத்துகளைப் புள்ளியும் கோடுமாக எண்ணி மனப்பாடம் செய்ய அவர் அனுமதிக்கவில்லை. தாளமாகவே காதில் ஏற வேண்டும் என்று விரலால் திண்ணையைத் தட்டிக் காட்டுவார். 1986 வாக்கில் பகலில் கேட்டுவந்த, உயர் அலைவெண் கொண்ட 13 மீட்டர் அலைவரிசை நிலையங்கள் ஏறக்குறைய மறைந்துபோனபோது, சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒரு முறை குறைந்து கூடும் என்பதையும், குறையும் காலத்தில் உயர் அலைவெண்களை மேல்வானிலுள்ள அயனி மண்டலம் பூமிக்குத் திருப்பி அனுப்பாது என்பதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். பாடப்புத்தகத்தில் இது இருந்ததாக நினைவில்லை.

கடலில் மோர்ஸ் முறை 1999-இல் கட்டாயமல்லாமல் ஆயிற்று, தமிழோசை 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியிலிருந்து விடைபெற்றது. இப்போது எங்கள் அடுக்ககத்தில் எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் கிளப்பும் இரைச்சலைப் பார்த்தால் அந்தக் காலத்து மின்சார ரயிலே தேவலை என்று தோன்றுகிறது. அதனால் விடுமுறை நாட்களில் கோவளம் பக்கம் போய், பேட்டரியில் இயங்கும் சிறிய பெட்டியில் கேட்கிறேன், அறிக்கையும் அனுப்புகிறேன். பதில் அட்டை மின்னஞ்சலில் படமாக வருகிறது. அச்சிட்டுப் பழைய அட்டைகளோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ரேடியோக்களைச் சேர்த்து வைத்து மோர்ஸ் கேட்டவர்கள் இங்கே வேறு யாரேனும் இருந்தால், எந்த நிலையத்தைப் பிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.