ஆமைக்குழிகளை வரைபடத்தில் ஏற்றிய அனுபவம்

கடலூர்ப் பக்கம் ஆமை முட்டைகளைக் காக்கும் ஒரு சின்னக் குழுவுக்கு வரைபட வேலையில் கூட நின்றேன். பெரும்பாலும் மீனவ இளைஞர்கள், சில மாணவர்கள். தை பிறந்ததும் ராத்திரியில் கரையோரம் நடப்பார்கள். பங்குனி ஆமை முட்டையிட்ட குழி கிடைத்தால், வனத்துறை அனுமதியோடு முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். எடுத்த இடம் மட்டும் நோட்டில் 'சவுக்குத் தோப்புக்கு வடக்கே', 'உடைஞ்ச படகு பக்கம்' என்றுதான் இருக்கும். படகை யாராவது நகர்த்திவிட்டால் போச்சு.

எல்லாருக்கும் க்யூஜிஐஎஸ் கற்றுத்தரலாம் என்றார் ஒரு நண்பர். வரைபடம் போடும் இலவச மென்பொருள், நல்லதுதான். ஆனால் ராத்திரி நடந்துவிட்டு விடிந்ததும் கடலுக்குப் போகிறவரை லேப்டாப் முன்னால் உட்காரவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போனிலேயே படிவம் நிரப்பித் தகவல் சேகரிக்க உதவும் கோபோ டூல்பாக்ஸில் ஒரு படிவம் போட்டோம்: தேதி, முட்டை எண்ணிக்கை, இடம், அவ்வளவே. சிக்னல் இல்லாவிட்டாலும் போனிலேயே சேமித்து அப்புறம் அனுப்பலாம். க்யூஜிஐஎஸ்ஸை ஒரு மாணவி மட்டும் கற்றுக்கொண்டார், அது போதுமானதாக இருந்தது.

பழைய குறிப்புகளை ஏற்றும்போதுதான் கூத்து. ஒரு மீனவ அண்ணன் படகு ஜிபிஎஸ் பார்த்து எழுதிவைத்திருந்தார். அது அட்சரேகை, தீர்க்கரேகையை டிகிரி, நிமிடம் என்று காட்டும். எங்கள் படிவம் தசமத்தில் கேட்கும். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம், அதனால் 11 டிகிரி 45 நிமிடம் என்றால் 11.75. டைப் செய்த பையன் 11.45 என்றே போட்டுவிட்டான். 79 டிகிரி 46 நிமிடமும் 79.46 ஆனது. கடற்கரைக் குழிகள் எல்லாம் சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலுக்குப் போய்விட்டன. அண்ணன் திரையைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இதெல்லாம் வீராணம் ஏரி ஆமையா?" என்றார்.

இன்னொன்று, போனில் எடுத்த குழியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதிலுள்ள இடத் தகவல் போய்விடும். டாகுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

வரைபடம் தயாரானதும் அதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட மாணவர்களுக்கு ஆசை. அண்ணன்மார் ஒரே பிடியாக மறுத்தார்கள்: முட்டை திருடுகிறவனுக்கு நாமே வழிகாட்டுவதா? அவர்கள் பக்கம்தான் நியாயம். உயிரினங்களைப் பார்த்த இடங்களைப் பலரும் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம்கூட அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சரியான இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறது. கடைசியில் வெளியே காட்ட ஒரு கிலோமீட்டர் கட்டங்கள், துல்லியமான புள்ளிகள் குழுவுக்கும் வனத்துறைக்கும் மட்டும் என்று முடிவானது.

கோபோ கணக்கு இன்னும் என் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. அடுத்த சீசனுக்குள் அதைக் குழுவின் பெயருக்கு மாற்றணும்.