புதுப்பிப்பு: முட்டி வீக்கத்தால் தொடைத்தசை இறுகவில்லை – ஐஸ் வைத்துப் பார்த்தேன்

மூன்று வாரம் முன்பு கேட்டிருந்தேன்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வண்டி சறுக்கி வலது முட்டி வீங்கிவிட்டது, எலும்பு முறிவு இல்லை, ஆனால் தொடையை இறுக்கச் சொன்னால் தசை அசையவே மறுக்கிறது, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, பிசியோதெரபி படிக்கும் தம்பி சொன்னதுதான்: ஐஸைப் பயிற்சிக்கு அப்புறம் அல்ல, முன்னால் வையுங்கள். நான் அதுவரை தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். மூட்டுக்குள் நீர் கோத்தால், அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி தண்டுவடத்தில் தொடைத்தசையை அடக்கிவிடுகிறதாம். குளிர்ச்சி அந்தப் பிடியைக் கொஞ்ச நேரம் தளர்த்தும். எனக்குப் பயிற்சி தருபவரிடம் கேட்டேன், சரி என்றார்.

ஈரத்துண்டில் சுற்றிய ஐஸ், முட்டியைச் சுற்றி 20 நிமிடம். எடுத்த கையோடு, அரை மணிக்குள், காலை நீட்டித் தொடையை 5 விநாடி இறுக்கிப் பிடிப்பது, 10 முறை. அப்புறம் முட்டியை மடக்காமல் காலைத் தூக்குவது. முதல் நாளே தசை இறுகி முட்டிச்சில்லு லேசாக மேலே ஏறியதைப் பார்த்து வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்! பத்தாம் நாள் முட்டி மடங்காமல் காலைத் தூக்க முடிந்தது.

எதிர்பாராதது: வீக்கம் அவ்வளவாக வடியவில்லை, தசைதான் முதலில் திரும்பியது. இன்னொன்று, முதுநகர் துறைமுகத்து மீன் ஐஸை அவசரத்தில் நேராகத் தோலில் வைத்து இரண்டு நாள் எரிச்சல். உறைந்த பச்சைப் பட்டாணிப் பாக்கெட் முட்டிக்கு நன்றாகப் படிகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐஸ் வைக்க வேண்டாம்.