‘முறைசாராக் குடியிருப்பு’: மாற்றுச் சொல் வேண்டும்

கொட்டாஞ்சேனையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். நகரத்து ஏழை மக்கள் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்புகளையும் மரபுரிமையாகக் கருதிப் பேணுவது பற்றிய பாடக்குறிப்பொன்றை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் தர வேண்டியுள்ளது. ஆங்கிலத்தில் ‘informal settlement’ எனப்படுவதை ‘முறைசாராக் குடியிருப்பு’ என்று எழுதி வகுப்பிலும் வாசித்தேன். கொழும்பில் ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்பொன்றில் பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் எழுந்து, “சேர், எங்கட தோட்டத்தில பைப்படியிலகூட முறை வச்சுத்தானே தண்ணி பிடிக்கிறம்?” என்று கேட்டார். என்னிடம் விடை இருக்கவில்லை.

அவர் சொன்ன பைப்படியை, அதாவது பொதுக் குழாயடியை, நான் பார்த்திருக்கிறேன். விடியுமுன்பே வாளிகள் வரிசையில் வந்துவிடும். நிறத்தைக் கொண்டே எந்த வீட்டு வாளி என்று சொல்வார்கள். நோயாளி இருக்கும் வீட்டு வாளியை யாராவது ஒருவர் பேசாமல் முன்னே நகர்த்தி வைப்பார். ‘முறை’ என்பது ஒழுங்கையும் தவணையையும் உறவையும் குறிக்கும் சொல். மூன்றும் நிறைந்த இடத்தை முறைசாராதது என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘மரபுரிமை’ என்று எப்படி எழுதுவது?

வெள்ளவத்தையிலிருந்து:

‘சேரி’யை மீட்டெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ‘சேர்’ என்னும் வினையடியாகப் பிறந்த அச்சொல், மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. குறுந்தொகை 231ஆம் பாடலில் தலைவி “ஓரூர் வாழினும் சேரி வாரார்” என்று வருந்தும்போது, தலைவன் வராத தன் தெருவைத்தான் குறிக்கிறாள். சோழர் கல்வெட்டுகளில் பறைச்சேரியோடு கம்மாணச்சேரியும் உண்டு. இழிவு பின்னர் ஏறியது. ஏறியதை இறக்கவும் முடியும்.

மட்டக்குளியிலிருந்து:

நண்பரின் இலக்கியச் சான்றை மறுக்கவில்லை. ஆனால், சங்க காலத்துப் பொருளை மீட்கும் சுமையை, இன்று அச்சொல்லால் ஏசப்படுகிறவர்களின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. சிங்களத்தில் இத்தகைய குடியிருப்பை இழிவாகக் குறிக்கும் ‘முடுக்கு’ தமிழிலிருந்தே போயிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். நம் முடுக்கு வெறும் ஒடுங்கிய சந்து, திருநெல்வேலிப் பக்கத்தில் இன்றும் அப்படித்தான் வழங்குகிறது. அதைத் திருப்பி எடுத்தாலும் இழிவோடுதான் வரும்.

ஆகவே, அங்கு வாழ்கிறவர்கள் வாயிலிருக்கும் ‘தோட்டம்’ போதும். சிங்களத்தில் அதுவே ‘வத்த’. வெள்ளவத்தை நண்பரின் முகவரியிலும் அது இருக்கிறது. பிரேசிலில் கனுடோஸ் போரிலிருந்து 1897இல் திரும்பிய படையினர் ரியோ நகரக் குன்றொன்றில் குடியேறி, போர்க்களத்துக் குன்றின் பெயரான ‘பவேலா’வை அதற்கு இட்டார்கள். அது ஒரு முட்செடியின் பெயர். இன்று பிரேசிலில் இத்தகைய குடியிருப்புகளுக்கெல்லாம் அதுவே பெயர். 2008இல் அந்நகரத்தின் வேறொரு குன்றில் அவ்வாறான குடியிருப்பு மக்கள் தங்கள் வாழிடத்தையே அருங்காட்சியகமாக்கியபோதும் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள்.

கிருலப்பனையிலிருந்து:

நான் மலையகத்தவன். எங்களுக்குத் தோட்டம் என்றால் தேயிலையும், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயனும்தான். கால்வாய்க் கரையோரத்துப் பலகை வீடுகளையும் யாரும் தோட்டம் என்பதில்லை. தாமே அமைத்துக்கொண்டது என்ற பொருளில் ‘தன்னமை குடியிருப்பு’ என்றால் எல்லாவற்றையும் அடக்கும்.

வெள்ளவத்தையிலிருந்து:

‘தன்’ ஒருமை, கட்டியவர்களோ பலர். குடியிருப்பையே எழுவாயாகக் கொண்டால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் அது தானாக முளைத்தது என்ற பொருள் வந்து, பலகை சுமந்தவர்களும் சீமெந்து குழைத்தவர்களும் மறைந்துவிடுவார்கள். ‘தம்மமை’ என்பது நாவில் நிற்காது. சேரி வேண்டாமென்றால், அரைமனத்தோடு தோட்டத்தை ஏற்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நன்றி. இன்னொன்றையும் கருத வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்டதையே பண்டைய நினைவுச்சின்னம் என்கிறது. கொம்பனித் தெருவின் பழைய வரிசை வீடுகள்கூட அந்த எல்லைக்குள் வருவது கடினம். வனாத்தமுல்லையில் ‘சஹஸ்புர’ போன்ற மாடிக் குடியிருப்புகளுக்கு மக்களை மாற்றியபோது வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். வாசற்படியில் உட்கார்ந்தபடி நான்கு வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு மாற்று ஒன்றும் இல்லை. அந்த ஏற்பாட்டைப் பேணுவது பற்றியதே இந்தப் பாடம். ஆதலால் அதை வளர்த்தவர்கள் இட்ட பெயரே தலைப்பில் இருக்கட்டும். ‘தோட்டக் குடியிருப்பு மரபுரிமை’ என்று இடுகிறேன். முதல் பக்கத்திலேயே மலையகத் தோட்டத்திலிருந்து இதை வேறுபடுத்திக் காட்டுவேன்.

கிருலப்பனையிலிருந்து:

பெரும்பான்மை அதுவென்றால் அப்படியே ஆகட்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். கால்வாய்க் கரையிலிருந்து வரும் பிள்ளை எவராவது உங்கள் வகுப்பில் இருந்தால், தம் இடத்தை அவர் என்ன பெயரால் அழைக்கிறார் என்று கேட்ட பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.