கோபம் வந்தால் கெட்ட வார்த்தை பேசுகிறவரை எப்படிச் சொல்வது?

பெரம்பூர்க்காரன்:
எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு வரன் பார்க்கிறார்கள். விசாரிக்கப் பெண்ணின் அப்பா நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது என்றேன். "கோபம் எப்படி சார்?" அங்கேதான் வாய் அடைத்துவிட்டது. தண்ணி லாரி பாதித் தெருவோடு திரும்பிய அன்று, டிரைவரின் அம்மா, அக்கா எல்லாரையும் இழுத்து இவன் திட்டியது மூன்றாவது மாடி வரை கேட்டது. குடத்தோடு நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதே டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுக்கிறான்! கோபக்காரன் என்றால் குறைச்சல், ரவுடி என்றால் அநியாயம். "வாய் கொஞ்சம்..." என்று இழுத்தேன். என்ன புரிந்துகொண்டாரோ, தலையாட்டிவிட்டுப் போனார். சரியான சொல் என்ன?

வில்லிவாக்கம் அக்கா:
வாய்த்துடுக்கு என்று சொல்லியிருக்கலாமே. என் மாமனாரை அப்படித்தான் சொல்வோம். கேரம் காய் விழாவிட்டாலும் வசவுதான். ஒருநாள் பால் டம்ளர் கவிழ்ந்ததும் பேத்தி அதே வார்த்தையை அப்படியே சொன்னாள். மனுஷன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ராயபுரம் தம்பி:
அக்கா, வாய்த்துடுக்கு வேறு. பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிற பிள்ளைக்குச் சொல்வது அது. கெட்ட வார்த்தையே இல்லாமல் துடுக்காகப் பேசலாம். 'பச்சையாகத் திட்டுவார்' என்பதுதான் நேர். காசிமேட்டில் கஸ்மாலம், பேமானியெல்லாம் வசவுக் கணக்கிலேயே வராது. கஸ்மாலம் வடமொழியில் அழுக்கு. பேமானி பாரசீகம் வழியே வந்த 'நேர்மையில்லாதவன்'. ஆனால் கேப்மாரி என்று மட்டும் யாரையும் திட்டாதீர்கள். குற்றப் பரம்பரை என்று வெள்ளைக்காரன் முத்திரை குத்திய மக்களின் பெயர் அது. குற்றப் பரம்பரைச் சட்டம் போய்விட்டது, வசவு நிற்கிறது. எனக்கு அது தாங்கவில்லை.

அண்ணா நகர்:
என் அண்ணனும் இப்படித்தான். பையனிடம் எடுத்துச் சொல்லுங்கள் சார். பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாச வார்த்தை பேசினால் வழக்கு வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) பிரிவுதான், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. 3 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கோபம் ஏறினால் இடத்தைவிட்டு நகரட்டும், தண்ணீர் குடிக்கட்டும். ராத்திரி கண்விழிப்பதைக் குறைக்கட்டும். காலையில் நடக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒரு மனநல ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

பெரம்பூர்க்காரன்:
சட்டம் வேண்டாம் சார், சொல்தான் கேட்டேன். தம்பி சொன்னதையே பெண்ணின் அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன்: "கோபம் வந்தால் பச்சையாகத் திட்டுவான், கை நீட்டிப் பார்த்ததில்லை." அவர் ஒன்றுதான் கேட்டார்: "வீட்டுப் பொம்பளைங்களையும் அப்படித் திட்டுவானா?" அது எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவன் அம்மாவிடமே கேட்கப் போகிறேன்.