அறுப்பு நேரத்துல சின்னப் பிள்ளைங்களை வயலுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

தஞ்சை அகிலா:
நீடாமங்கலம் பக்கம் பெரியப்பா வயல்ல பொங்கல் கழிச்சு சம்பா அறுப்பு. மூணு வயசுப் பையனையும் ஆறு வயசுப் பொண்ணையும் கூட்டிட்டுப் போய் ஒரு நாள் முழுக்க இருக்கலாம்னு ஆசை. பெரியம்மா வேணாங்கறாங்க. டெல்டாவுல பிறந்துட்டு நெல்லு எப்படி வீட்டுக்கு வருதுன்னு தெரியாம வளரணுமா?

வெண்ணாற்றங்கரை:
பெரியம்மா சொல்றதைக் கேளுங்க சகோதரி. பெல்ட் சக்கரத்துல ஓடற நெல் அறுப்பு மெஷின் திரும்பும்போது ஓட்டுறவர் கண்ணுக்கு இடுப்பு உயரப் பிள்ளை படாது. கதிர் அறுபட அறுபட எலியும் பாம்பும் வரப்புக்கு ஏறும். மெஷின் வாடகை மணிக்கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். மேகம் கறுத்தா வயித்துல புளியைக் கரைக்கும். அரசு தளர்வு குடுத்தாலொழிய, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டின நெல்லைக் கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. அந்தப் பதட்டத்துல உங்க பிள்ளையை யார் பார்த்துக்குவா?

கடைமடைக்காரன்:
இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் பிள்ளைங்களை வரப்புப் பக்கமே வராம பண்ணிட்டோம். நாங்கல்லாம் களத்துமேட்டுல புரண்டு வளர்ந்தவங்க, ஒண்ணும் ஆகலை. காசு கட்டி உள்ள போற பண்ணையில முயல் கூண்டையும் டிராக்டர் சவாரியையும் பார்த்துட்டு வந்தா அது வயலைப் பார்த்ததா? காட்டணும்னா அறுப்பைக் காட்டணும்.

வெண்ணாற்றங்கரை:
நீங்க புரண்ட களத்துல கருக்கரிவாள்தான் இருந்துச்சு அண்ணே. ஆளுங்க வரிசையா அறுத்துட்டு வருவாங்க, பிள்ளையை ஒரு குரல் குடுத்து நிறுத்தலாம். மெஷின் சத்தத்துல யார் குரல் யாருக்குக் கேக்கும்?

நடவாள் மகள்:
அடுத்து யாராவது "அப்ப நடவுக்குக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லுவீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். எங்கம்மா நடவு நட்டுத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. காரை நிறுத்திட்டு இறங்கி வர்றவங்க பிள்ளை கையில நாத்து முடியைக் குடுத்து போட்டோ எடுப்பாங்க. மிதிபட்ட நாத்தை அம்மாதான் திரும்ப ஊன்றணும். குனிஞ்சு நிக்கற பொம்பளைங்களைக் கேக்காமலே படம் பிடிக்கறவங்களும் உண்டு. பிள்ளைங்க வரட்டும், அவங்க கேள்வி கேட்டா அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனா முதல்ல அவங்க பேரைக் கேக்கச் சொல்லிக் குடுங்க.

கடைமடைக்காரன்:
இது நியாயம் தங்கச்சி. இதை மறுக்க மாட்டேன்.

நர்ஸ் மாலதி:
எப்ப போனாலும் சில விஷயம். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைங்க ஆடு மாட்டைத் தொட்டுட்டு அதே கையை வாயில வைக்கும், வயித்துப்போக்கு வந்தா சீக்கிரம் துவண்டுடும். சேறு ஒட்டின கைக்கு சானிடைசர் பத்தாது, சோப்பு எடுத்துட்டுப் போங்க. கறந்த பாலைக் காய்ச்சாமக் குடுக்காதீங்க. மருந்து அடிச்ச வயல்ல இறக்கக் கூடாது. பம்புசெட் கொட்டகையில காலி மருந்து பாட்டில் கிடக்குதான்னு நீங்க முதல்ல பாருங்க. வாய்க்கால் எவ்வளவு ஆழம் குறைவா இருந்தாலும் மூணு வயசுக்காரன் உங்க கை எட்டற தூரத்துலயே இருக்கணும்.

தஞ்சை அகிலா:
அப்ப எப்பதான் போறது?

வெண்ணாற்றங்கரை:
மாசியில வாங்க. கதிர் நிக்கும்போதே, மண்ணு மெழுகு மாதிரி ஈரப்பதத்துல இருக்கறப்ப தெளிச்ச உளுந்து அப்ப பச்சைப் பசேல்னு கிடக்கும். உளுந்து தெளிக்காத வயல்ல வாத்துக்காரங்க கூட்டங்கூட்டமா ஓட்டிட்டு வருவாங்க, சிந்தின நெல்லைப் பொறுக்கறதைப் பிள்ளைங்க பார்த்துக்கிட்டே இருக்கும். எருவுக்காக ஆட்டுக்கிடை போடற வயல் இருந்தா சாயங்காலம் குட்டிங்களைப் பார்க்கலாம். எங்களுக்கும் நின்னு பேச நேரம் இருக்கும்.

கடைமடைக்காரன்:
வாத்தும் ஆடும் சரி. ஆனா நெல்லை எங்க பார்க்கும்? ஆறு வயசுப் பொண்ணு களத்துல பெரியம்மா பக்கத்துல உக்காந்து நெல்லு காயறதையாவது பார்க்கட்டும். அதுக்கும் தடையா?

வெண்ணாற்றங்கரை:
மெஷினும் டிராக்டரும் வந்து போகாத களமா இருந்தா கூட்டிட்டு வரலாம். சின்னவனை மட்டும் மாசிக்கு வச்சுக்கங்க.

தஞ்சை அகிலா:
பெரியம்மாகிட்ட இன்னிக்கு ராத்திரியே கேக்கறேன். களம் ரோட்டோரமாத்தான் இருக்கு, அதுதான் யோசனை.