அக்வாபோனிக்ஸ் ஆதிகால முறையா? செந்தூல் பிளாட்டில் மீன் விடும் முன் ஒரு வாக்குவாதம்

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பிளாட் குடியிருப்பாளர் சங்கம் பின்பக்கக் காலி இடத்தில் அக்வாபோனிக்ஸ் போடப் போகிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியில் தீலாப்பியா மீன். பக்கத்தில் கல் நிரப்பிய படுகைகளில் காங்கோங், சாவி, பாயாம் கீரைகள். மீன் கழிவுத் தண்ணீர் பம்ப் வழியாகச் செடிக்குப் போகும், சுத்தமாகித் திரும்ப மீனிடமே வரும். விளக்க வந்தவர், மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் மிதக்கும் தோட்டங்களில் பல நூறு வருடங்களுக்கு முன்பே இதைச் செய்தார்கள் என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் சங்கத்தில் சிலர் அமோனியா சோதனைப் பெட்டி வேண்டும், பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மை அளவு) பார்க்க வேண்டும், ஒரு மாதம் மீன் விடாமல் காத்திருக்க வேண்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். அஸ்டெக் விவசாயியிடம் சோதனைப் பெட்டியா இருந்தது? நம் தாத்தாமார் ஊரில் ஏரி வற்றினால் வண்டல் அள்ளி வயலில் போட்டார்கள், விளைந்தது. இது பழைய முறை, எளிய முறை. எல்லோரும் கூடி வேலை செய்யும் அடுத்த கோத்தோங் ரோயோங் அன்றே மீனை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

நீர்ப்பூ:
அண்ணே, அவசரப்பட்டு மீனை விட்டுவிடாதீர்கள். கெப்போங்கில் வீட்டுக்குப் பின்னால் இதை நடத்துகிறேன், அந்த அக்கறையில் எழுதுகிறேன்.

சினாம்பா என்ற அந்த அஸ்டெக் தோட்டம் மிதக்கவே இல்லை. ஆழமில்லாத ஏரியில் கழி நட்டு, வேலி பின்னி, உள்ளே சேறும் நீர்ச்செடியும் அடுக்கடுக்காகப் போட்டு உயர்த்திய நிலம் அது. கரை சரியாமல் இருக்க ஓரத்தில் வில்லோ மரம் வைத்தார்கள். மெக்சிகோ நகரின் தென்பகுதியான சோச்சிமில்கோவில் இன்றும் பார்க்கலாம். வாய்க்காலில் மீன் இருந்தது. ஆனால் அதற்கு யாரும் தீனி போட்டு வளர்க்கவில்லை. பயிருக்குச் சத்து வந்தது வாய்க்காலின் அடிச் சேற்றிலிருந்து. உங்கள் தாத்தா அள்ளிய ஏரி வண்டலும் அதே வகைதான்.

உங்கள் தொட்டியில் சேறும் இல்லை, ஏரியும் இல்லை. ஆயிரம் லிட்டரில் மீனை நெருக்கிப் போட்டு தினமும் தீனி கொட்டப் போகிறீர்கள். தீனியின் புரதத்தில் ஒரு பங்குதான் சதையாகும். மிச்சத்தில் பெரும்பகுதி செவுள் வழியே அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சுதான், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதை மீன் தாங்கும், செடி உறிஞ்சிக்கொள்ளும். இந்த இரண்டு வகையும் கல்லின் மேல் படிந்து பெருக மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குமுன் மீனை விட்டால், அது தன் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகும். அந்தக் காத்திருப்பைத்தான் சங்கத்தில் கேட்கிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
அம்மா நீர்ப்பூ, நீங்கள் சொன்ன வேதியியல் சரி. ஆனால் வரலாற்றை அஸ்டெக்கோடு முடித்துவிட்டீர்கள். கிழக்கே வாருங்கள்.

சீனாவில் செஜியாங் மாநிலத்தின் சிங்தியான் வட்டாரத்தில் நெல் வயலில் கெண்டை வளர்ப்பது 1,200 ஆண்டுகளுக்கும் மேலான வழக்கம். 2005-இல் ஐநா உணவு வேளாண் அமைப்பு அதை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. மீன் பூச்சியையும் களையையும் தின்கிறது, அடிமண்ணைக் கிளறுகிறது, அதன் கழிவு நெல்லுக்கு உரமாகிறது. பேர்ல் ஆற்றுக் கழிமுகத்தில் இன்னும் நுட்பம்: குளக்கரையில் முசுக்கட்டை (மல்பெரி) செடி, அதன் இலை பட்டுப்புழுவுக்கு, புழுவின் எச்சம் மீனுக்கு, குளத்துச் சேறு மறுபடி செடிக்கு.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். பேராக்கின் கெரியான் வயல்களில் நெல்லோடு செப்பாட் மீனும் கெலி என்ற கெளுத்தியும் பிடித்து விற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் ஏராளம். இருபோகச் சாகுபடியும் பூச்சிமருந்தும் வந்த பிறகுதான் அது தேய்ந்தது. பம்ப் இருந்தால்தான் அக்வாபோனிக்ஸ், இல்லாவிட்டால் கணக்கில் சேராது என்றால், வயலில் கால் நனைத்தவர்களின் அறிவைப் பட்டியலிலிருந்து அடிப்பதாக ஆகும். ஒன்றின் கழிவு தண்ணீருக்குள்ளேயே மற்றொன்றின் உணவாவதுதான் இதன் உயிர். அது ஆசியாவில் பிறந்தது.

செந்தூல்வாசி:
ஐயா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. ஆயிரம் வருடம் பாக்டீரியா என்ற பெயரே தெரியாமல் செய்திருக்கிறார்கள்!

நீர்ப்பூ:
ஐயா, அந்த விவசாயிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சிங்தியான் வயல் ஒரு முழுமையான அமைப்பு. ஆனால் அங்கே பெரிய வயலில் கொஞ்சம் மீன். வேலை செய்வது மண். மண்ணில் பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கிறது, இரும்பும் சுண்ணாம்பும் மண்ணிலேயே உண்டு, தவறு நடந்தாலும் வயல் தாங்கிக்கொள்ளும். மண்ணை எடுத்துவிட்டு அதே வேலையைக் கல்லிலும் தண்ணீரிலும் நடத்துவது வேறு கலை. அதற்கு உள்ளே என்ன நடக்கிறதென்று முதலில் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அது தெரிந்தது 1877-இல். பிரான்சில் ஷ்லோசிங், முன்ஸ் என்ற இருவர் நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிச் சாக்கடை நீரை மெல்ல ஊற்றி வந்தார்கள். ஆரம்பத்தில் அமோனியா அப்படியே வெளியே வந்தது. ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து நைட்ரேட்டாக வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. புது மண் கரைசலைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. அதாவது வேலை செய்வது ஓர் உயிர். கொஞ்ச காலத்தில் வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி அந்த உயிர்களையே பிரித்தெடுத்துக் காட்டினார். உங்கள் கல் படுகை அந்தக் குழாயின் வாரிசு, அண்ணே.

பிறகு 1969-இல் அமெரிக்காவில் டாட் தம்பதியரும் மெக்லார்னியும் நியூ ஆல்கெமி ஆய்வு நிலையம் தொடங்கி, பின்னர் கேப் காட்டில் வெயில் படும் தொட்டிகளில் தீலாப்பியா வளர்த்து அந்தத் தண்ணீரைக் காய்கறிக்குப் பாய்ச்சினார்கள். 1980-களில் வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெக்மர்ட்ரி என்ற ஆய்வாளர், மணல் படுகையில் தக்காளியும் வெள்ளரியும் நட்டு, மீன் தண்ணீரை அதில் வடியவிட்டு மறுபடி தொட்டிக்கே திருப்பினார். மிசூரியில் ஸ்பெரானியோ தம்பதியர் மணலுக்குப் பதில் சரளைக்கல் போட்டதும் வீட்டுத் தோட்டக்காரர்கள் கையில் வந்தது. நன்னீர் அரிதான வர்ஜின் தீவில் ராக்கோசி என்ற ஆய்வாளர், மிதக்கும் பலகையில் கீரை வளர்த்து, எத்தனை கிராம் தீனிக்கு எத்தனை சதுர மீட்டர் செடி என்ற கணக்கையே உருவாக்கினார். இந்தக் கணக்குத்தான் அக்வாபோனிக்ஸ். இது இல்லாததை முன்னோடி என்று சொல்லலாம், அதற்குமேல் போக மாட்டேன்.

பட்டர்வொர்த் அக்கா:
எங்கே பிறந்தது என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். பிளாட்டில் இது தேவையா என்று யாருமே கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஆசையாக வைத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயந்தரம் இடி இடித்து கரண்ட் டிரிப் ஆனது. திங்கட்கிழமை காலையில் மீனெல்லாம் வயிறு மேலே தெரிய மிதந்தது, பிள்ளைகள் அழுதார்கள். நம்ம சூட்டில் தண்ணி 30 டிகிரி. அந்தச் சூட்டில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவுக்கு மேல் கரையாது. பம்ப் நின்றால் சில மணி நேரம்தான்.

இன்னொன்று. மீன் உரம் கொடுக்கிறது என்கிறீர்கள். மீன் எதையும் உண்டாக்கவில்லை, சாக்கிலிருந்து வரும் தீனியைத்தான் உரமாக மாற்றுகிறது. அந்தத் தீனி மீன்தூளும் சோயாவும், காசு கொடுத்து வாங்குவது. காங்கோங் ஒரு வாளி மண்ணில் தானாக வளரும். பக்கத்து மரக்கறிக் கழிவை மக்க வைத்துப் போட்டால் போதும். கரண்ட் பில் இல்லை, செத்த மீன் இல்லை. ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து போடும் காசு இது, அதை வைத்துப் பரிசோதனை செய்யக் கூடாது.

நீர்ப்பூ:
தீனிக் கணக்கு நீங்கள் சொன்னபடியேதான் அக்கா. அதனால்தான் மீனையும் சாப்பிட வேண்டும், கீரைக்காக மட்டும் மீன் வைத்தால் கட்டாது. ஆனால் செந்தூலில் அந்தக் காலி இடம் கட்டுமான இடிபாடு கொட்டிய நிலம், அண்ணன் முன்பு படம் போட்டிருந்தார். அங்கே மண் எங்கிருந்து வரும்?

தண்ணீரையும் பாருங்கள். ராக்கோசியின் அமைப்பில் ஒரு நாளுக்கு மொத்தத் தண்ணீரில் சுமார் 1.5 விழுக்காடு மட்டுமே புதிதாக ஊற்றினார்கள். 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆறு மாசுபட்டு கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய் நின்றதே, அந்த மாதிரி நாட்களில் இந்தத் தோட்டம் வாடாது.

தோட்டத்துப் பிள்ளை:
அக்காவின் கரண்ட் கவலைக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. தீலாப்பியாவை விடுங்கள், கெலி போடுங்கள். அதற்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு போகும். பம்ப் நின்றதும் சாகாது. வயல்காட்டு மீனின் பலமே அதுதான். பழைய அறிவு இங்கேதான் உதவும்.

பட்டர்வொர்த் அக்கா:
கெலி பிழைக்கும் ஐயா. கல்லில் இருக்கிற அந்த நல்ல பாக்டீரியா? அதற்கும் பிராணவாயு வேண்டுமே. அது செத்தால் அமோனியா ஏறும், கெலியும் எத்தனை நாள் தாங்கும்?

நீர்ப்பூ:
அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. கல் படுகையில் பெல் சைபன் வைத்தால் பாதிக் கவலை தீரும். படுகையின் நடுவில் ஒரு நிமிர்ந்த குழாய், அதன்மேல் மூடிய தலையோடு பெரிய குழாய் ஒன்று. தண்ணீர் மெல்ல ஏறி உள்குழாயின் விளிம்பைத் தொட்டதும், மூடிக்குள் இருக்கும் காற்று இழுக்கப்பட்டு, படுகைத் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் இறங்கும். கடைசியில் ஒரு உறிஞ்சல் சத்தம், காற்று புகுந்து சைபன் அறும், மறுபடி நிரம்பத் தொடங்கும். ஒவ்வொரு முறை வடியும்போதும் கல் இடுக்கெல்லாம் காற்று புகும். கரண்ட் போனால் படுகையை வடியவிட்டுவிடுங்கள். ஈரக் கல்லில் பாக்டீரியா காற்றோடு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், முழுகிக் கிடந்தால்தான் ஆபத்து. கல்லின் மேல்பக்கம் எப்போதும் உலர்ந்திருக்கிறபடி நீர்மட்டத்தை வையுங்கள், ஏடிஸ் கொசுவும் முட்டையிடாது.

பிஎச் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய தண்ணீர் புளிக்கும், பிஎச் இறங்கும். 7-ஐ ஒட்டி வைத்திருக்க வேண்டும். நிறைய இறங்கினால் பாக்டீரியா சோர்ந்துவிடும். 8-க்கு ஏறினால், 7-இல் இருந்ததைவிட அமோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். இறங்குவதைத் தடுக்க கெராங் என்ற சிப்பியின் ஓடு போதும். சார் குவே தியாவ் (வறுத்த நூடுல்ஸ்) கடையில் வாளி வாளியாகக் கொட்டுவார்கள். உப்புப் போகக் கழுவி, வெயிலில் காயவைத்து, வலைப்பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மீன் தீனியில் செடிக்குப் பற்றாமல் போவது மூன்று: சுண்ணாம்பு, பொட்டாசியம், இரும்பு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு இல்லை என்று அர்த்தம்.

செந்தூல்வாசி:
ஐயா சொன்ன கெலியையும் தங்கச்சி சொன்ன சைபனையும் கூட்டத்தில் வைக்கிறேன். இது ஆசியாவின் பழைய சொத்து என்பதில் நான் அசைய மாட்டேன், அறிவிப்புப் பலகையில் சிங்தியானையும் கெரியானையும் எழுதத்தான் போகிறேன். மீன் எவ்வளவு, தீனி எவ்வளவு என்று சொல்லுங்கள். படுகை மொத்தம் நாலு சதுர மீட்டர்.

நீர்ப்பூ:
பலகையில் 1877-க்கும் ஒரு வரி விடுங்கள் அண்ணே.

ஐநா உணவு வேளாண் அமைப்பு சிறு அமைப்புகளுக்குச் சொல்லும் அளவு: கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீனி. உங்களுக்கு 160 முதல் 200 கிராம். ஆயிரம் லிட்டருக்கு மீன் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. முதலில் குழாய்த் தண்ணீரைக் காற்று பம்ப் போட்டு ஓரிரு நாள் விடுங்கள், குளோரின் போகட்டும். மீன் இல்லாமல் கொஞ்சம் தீனியைப் போட்டு அழுகவிட்டு பாக்டீரியாவை வளருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டி நைட்ரேட் தெரியும் அன்று குஞ்சு விடலாம். அரை மணி நேரத்தில் தின்னாத தீனியை வலையால் எடுத்துவிடுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
என் ஓட்டு இன்னமும் மண்ணுக்குத்தான். ஆனால் வைப்பதென்று முடிவெடுத்தால், பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் வாங்கி, கரண்டை நிறுத்திச் சோதித்துப் பார்க்காமல் ஒரு குஞ்சுகூட விடக் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சனி ஞாயிறில் யார் வந்து பார்ப்பது என்ற பெயர்ப் பட்டியலும் அதோடு வேண்டும்.